மேலே மிதந்த செல்கள்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. எதிரே வருபவரின் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்திருந்தால் பத்தடிக்கு அப்பாலேயே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. தலைமை மருத்துவர் ஒருமுறை இரண்டு கால்களிலும் வெவ்வேறு காலுறை போட்டுக்கொண்டு வந்ததை, கூட்டம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் நடுவிலேயே சொன்னவள் அவள். அந்த வருடம் அவளுக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு அதற்கடுத்த வருடம் கிடைத்தது.

வேலை என்னவோ கண்ணுக்குத்தான். மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை. மனித உடம்பிலிருந்து சுரண்டியதும் உறிஞ்சியதும் துப்பியதும் கண்ணாடிச் சில்லில் தடவப்பட்டு அங்கே வந்து சேரும். அதை வரிசையாகச் சாய ஜாடிகளில் முக்கியெடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, எந்தச் செல் ஒழுங்காக இருக்கிறது, எது வம்புக்கு அலைகிறது என்று சொல்ல வேண்டும். நாளுக்கு அறுபது ஸ்லைடு வீதம் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தேகமான செல்லைப் பார்த்தால் பக்கத்தில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளியை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது ஒருவரின் தலையெழுத்து.

படிக்கிற காலத்தில் செல் படம் வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை, லைசோசோம் என்று பன்னிரண்டு உறுப்புகளையும் அம்புக்குறி போட்டுக் காட்டியவள். வேலைக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சாயம் போட்ட ஸ்லைடில் தெரிவது நடுவில் கருநீலமாக நியூக்ளியஸ், அதைச் சுற்றி வெளிர்நிறத்தில் சைட்டோபிளாசம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மைட்டோகாண்ட்ரியாகூட அவள் கண்ணில் பட்டதில்லை. அது இருக்கிறது, செல்லுக்கு வேண்டிய சக்தியையெல்லாம் அதுதான் தயாரிக்கிறது என்பதை அவள் நம்பினாள். தூரத்துச் சொந்தக்காரர் வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறார் என்று சொல்லும்போது நம்புவோமே, அந்த மாதிரி.

நியூக்ளியஸைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. ஒழுங்கான செல்லில் அது தன் அறையில் அடக்கமாக உட்கார்ந்து, என்ன புரதம் செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதி வெளியே அனுப்பும். வெளியே ரைபோசோம்கள் செய்து கொடுக்கும். கெட்டுப்போன செல்லில் இந்த முதலாளி ஊதிப் பெருத்து, வீடு முழுக்கக் காலை நீட்டி, மற்றவர்கள் நிற்க இடமில்லாமல் செய்துவிடுவார். அந்தச் செல்லின் வேலையே பிறகு தன்னைப்போல இன்னும் நாலு பேரைப் பெற்றுப்போடுவதுதான். இதைச் சொல்லிவிட்டு, மருந்துக் கிடங்கு குமாஸ்தா இருக்கும் திசையைப் பார்ப்பாள். அவர் அவளுடைய முதுகு சாயும் நாற்காலியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அதிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சுவார்த்தை இல்லாத இன்னொருவர் குடும்பத்தில் இருந்தார். கணவரின் தங்கை, அதாவது நாத்தனார். நாலு வருடத்துக்கு முன்னால் குடும்பமே கூடிச் சாப்பிட உட்கார்ந்த ஒரு மதியம், பரிமாறப் போன இவளைப் பார்த்து, அண்ணி கையால் வாங்கிச் சாப்பிட எனக்குப் பயம், காலையிலிருந்து எதையெதையோ தொட்டுவிட்டு வருகிறார் என்று நாத்தனார் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் கணவரும் ஒருவர் என்பது இன்றுவரை அவர் பெயரில் இருக்கும் குற்றம். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். பூதக்கண்ணாடியின் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இவள் அச்சு அசல் எங்கள் வீட்டு வார்ப்பு, அம்மா பக்கம் ஒன்றுமே ஒட்டவில்லை என்று தலையை வேறு தடவிக் கொடுத்தாள் நாத்தனார்.

அப்போதுதான் பூதக்கண்ணாடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குடும்ப வரலாற்றில் யாரும் அதற்குமுன் சொல்லாததைச் சொன்னாள்.

“மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். என் பொண்ணு உடம்புல உங்க வீட்டு மைட்டோகாண்ட்ரியா ஒண்ணே ஒண்ணுகூடக் கிடையாது. உனக்கும் உங்க அண்ணனுக்கும் இருக்கிறது உங்க அம்மாவோடது. அதான் ரெண்டு பேருக்கும் சண்டை போட மட்டும் தெம்பு இருக்கு.”

மாமியார் இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மைட்டோகாண்ட்ரியா என்றால் என்னவென்று நாத்தனாருக்குத் தெரியாது. ஆனால் செத்துப்போன அம்மாவை இழுத்துவிட்டாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவள் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். காலையில் வார்டிலிருந்து அவசரம் என்று ஒரு சீசா வந்தது. ஒரு மனிதரின் நெஞ்சில் கோத்திருந்த நீர். அந்த மாதிரி நீரில் செல்கள் கொழகொழவென்று இருக்கும். ஸ்லைடில் பாதி ஒட்டும், பாதி ஜாடிக்குள் கழன்று விழும். விழுந்தவை சும்மா இருக்காது. அடுத்து முக்குகிற ஸ்லைடின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நீர் ஸ்லைடுகளைக் கடைசியில்தான் முக்க வேண்டும், முன்னால் முக்கினால் சாயத்தை வடிகட்டாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. ஜாடிகளுக்கு மேலே சுவரில் இந்த விதி சிவப்பு மையில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டவள் பூதக்கண்ணாடிதான். இதை மீறியதற்காக ஒரு உதவியாளரை வராந்தாவில் நிற்க வைத்து அழவிட்டவளும் அவள்தான்.

அவசரம் என்றதால் நீர் ஸ்லைடுகளை முதலில் முக்கினாள். வடிகட்டலாம் என்று அலமாரியைத் திறந்தால் ஃபில்டர் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. புதுக்கட்டு கிடங்கில் இருந்தது. கிடங்கில் குமாஸ்தா இருந்தார். குமாஸ்தா அவளுடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் முன்னால் போய்க் கை நீட்டுவதா என்று ஒரு நிமிடம் நின்றவள், இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆனதில்லை என்று சொல்லிக்கொண்டு, அன்றைக்கு வந்திருந்த கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஸ்லைடுகள் முப்பத்திரண்டையும் அதே ஜாடியில் முக்கினாள்.

மதியத்துக்கு மேல் நானூற்றுப் பதினேழாம் எண் ஸ்லைடில் ஒரு செல் கூட்டம் சிக்கியது. ஊதிய நியூக்ளியஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மாட்டினான் பாரு என்று சத்தமாகச் சொல்லிப் பச்சைப் புள்ளி வைத்தாள். அறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்துக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமேயான டாக்டர் வந்து, புள்ளி இருந்த இடத்தைப் பார்த்து, மெச்சி, புற்றுநோய் செல்கள் உள்ளன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று பூதக்கண்ணாடி வீட்டுக்குப் போகும் வழியில் தனக்கென்று ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றாள்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கைக்குக் கேன்சராம் என்றார். இவளுடைய மருத்துவமனையில்தான் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே சதைத் துண்டெடுத்துப் பார்ப்பார்களாம், வேண்டியிருந்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்களாம். இவளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

“என் உள்ளெல்லாம் அண்ணி பாத்துட்டா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கிறதுன்னு கேட்டா” என்றார் கணவர்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆய்வகத்தில் சிக்கியது ஒன்றே ஒன்றுதான். எந்த எண் என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு வருடத்தில் நாத்தனாரை அவள் சபிக்காத நாள் குறைவு. பஸ் தவற வேண்டும், குக்கர் அடிப்பிடிக்க வேண்டும், புதுச்செருப்பு கடிக்க வேண்டும் என்றெல்லாம் சபித்திருக்கிறாள். இது அந்தப் பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை. மாட்டினான் பாரு என்று தான் சொன்னதும் அந்த ஐஸ்கிரீமும் தொண்டைக்குத் திரும்ப வந்தன. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் அந்த ஸ்லைடை எடுத்து வைத்தாள். எதையும் மாற்றும் எண்ணம் இல்லை. இன்னொரு முறை பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மற்ற செல்களெல்லாம் தட்டையாக, பரந்து, நடுவில் சின்ன நியூக்ளியஸோடு சமர்த்தாகக் கிடந்தன. மூலைக்கு மூலை தேடினாள், ஒன்றுகூட வம்பாகத் தெரியவில்லை. பிறகு பச்சைப் புள்ளிக்கு வந்தாள். கூட்டம் மங்கலாகத் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பின் குவியத் திருகைக் கொஞ்சம் திருப்பினாள். கூட்டம் பளிச்சென்று வந்தது. மற்ற செல்களெல்லாம் மங்கி அடியில் போய்விட்டன. திருப்பி வைத்தாள். அவை தெரிந்தன, இது மங்கியது.

அந்தக் கூட்டம் அவற்றோடு ஒரே தளத்தில் இல்லை. மேலே மிதந்து வந்து உட்கார்ந்த கூட்டம் அது.

செவ்வாய்க்கிழமை கூட்டம் பளிச்சென்று தெரிந்த பிறகு அவள் அந்தத் திருகைத் திருப்பவே இல்லை. பெரிய மீன் சிக்கிய சந்தோஷத்தில் மற்ற செல்களைப் பார்க்கவும் மறந்திருந்தாள். இப்போதும் ஆசைதான் கண்ணை ஏமாற்றுகிறதோ என்று பயந்து, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பிறகு நெஞ்சுநீர் ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே ஊதல், அதே நெருக்கியடிப்பு, சைட்டோபிளாசத்தில் அதே குமிழ்கள். தலையைத் தூக்கினால் நேர் எதிரே சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து.

வடிகட்டும் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும், வடிகட்டியதாக ஆகிவிடும். பிறகு டாக்டரிடம் போய், மாதிரி சரியில்லை, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்றால் டாக்டர் நம்புவாள். இரண்டாவது சுத்தமாக வரும், நாத்தனார் பிழைப்பாள், இருபத்தெட்டு வருடப் பெயரும் பிழைக்கும். பேனாவை எடுத்து மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். ஆனால் அந்த ஜாடியில் முங்கியெழுந்த ஸ்லைடுகள் இன்னும் முப்பத்தொன்று இருந்தன. அவற்றில் எதன்மேல் எது ஏறியிருக்கிறதோ யாருக்குத் தெரியும். தவிர, அடுத்தவர் தப்பை இத்தனை காலம் ஊர் கேட்கச் சொன்ன வாய் அது; தன் தப்பை மட்டும் மென்று விழுங்க அதற்கு வரவில்லை. செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு பை உண்டு, கழிவையெல்லாம் கரைக்கும் அமிலப் பை. அது உடைந்தால் செல் தன்னைத்தானே தின்றுவிடும். தனக்கு அது உடைந்துவிடும் போலிருந்தது என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

டாக்டர் வந்ததும் இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பூதக்கண்ணாடி திருகை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். பிறகு ஃபில்டர் பேப்பர், குமாஸ்தா, நாற்காலி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் தானும் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் உங்க புள்ளியத்தான் பாத்தேன் அக்கா” என்றாள் கடைசியில். “ஸ்லைட பாக்கல.”

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. முப்பத்தொரு ஸ்லைடுகளையும் மறுபடி பார்க்க ஆணை வந்தது. நடந்ததை ஒரு பக்கம் எழுதி பூதக்கண்ணாடி கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதத்துக்கு அவள் சாய ஜாடியைத் தொடக்கூடாது என்று அதன் கீழேயே எழுதினார்கள். செய்தி மதியத்துக்குள் சலவைக்கூடம்வரை போய்விட்டது. ஆய்வகத்தில் யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நோயாளிக்கு நானே போன் செய்கிறேன் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் குறுக்கிட்டாள். அது எங்கள் வீட்டு ஆள், நேரில் போய் நானே சொல்கிறேன் என்றாள்.

நாத்தனார் கதவைத் திறந்து, பார்த்து, உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை என்பதால் பூதக்கண்ணாடியும் பின்னால் போனாள். திங்கட்கிழமைக்கான பெட்டி தயாராக இருந்தது. வீடு முழுக்க அங்கங்கே துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன, நாத்தனாரின் கணவர் படித்துத் தெரிந்துகொள்வதற்காக. துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதை அழுத்தவே கூடாது. அடுப்புக்கு மேலே, பால் பொங்குகிறவரை அங்கேயே நிற்கவும், போன் பார்க்காதே. அலமாரியில், என் துணிகளை ஆறு மாதம் கழித்து யாருக்காவது கொடுத்தால் போதும். இந்தக் கடைசிச் சீட்டைப் பார்த்ததும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் பூதக்கண்ணாடிக்கு மறந்துபோனது.

“உனக்கு ஒண்ணுமில்ல. அது உன்னோட செல் இல்ல. என் தப்பு” என்றாள் நின்றபடியே.

நாத்தனாருக்கு விளங்கவில்லை. உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னாள். நாற்காலிச் சண்டையையும் விடவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதையும் சொன்னாள். நாத்தனார் பெட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ அது யாரோட செல்லு?”

“வார்டுல இருக்கிற ஒருத்தரோடது.”

“ஆம்பளையா?”

“ஆமா.”

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருடம் கட்டுப்பெட்டியாகக் குடித்தனம் நடத்தினேன், கடைசியில் முன்பின் தெரியாத ஒருத்தனை என் கர்ப்பப்பையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்களே அண்ணி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பூதக்கண்ணாடிக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மூன்று நாளாக அழாத நாத்தனார் அழுதாள், கையில் கிடைத்த துணியால் மூக்கைச் சிந்தினாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சட்டை அது.

“அந்த ஆளுக்கு?” என்று திடீரென்று கேட்டாள்.

“அவருக்கு இருக்கு.”

“மூணு நாள் அவரோட வியாதிய நான் சுமந்திருக்கேன்” என்றாள் நாத்தனார். “என்னாலயே முடியல. கூட யாராவது இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க.”

சனிக்கிழமை காலையில் மறுபடி மாதிரி எடுத்தார்கள். நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அண்ணிதான் பார்க்க வேண்டும். ஜாடியைத் தொடத் தடை இருக்கிறதே தவிர மைக்ரோஸ்கோப்பைத் தொடத் தடையில்லை என்றாள் டாக்டர். புதுச் சாயத்தில், தனி ஜாடியில், வேறொருவர் முக்கிக் கொடுத்தார். புது ஃபில்டர் பேப்பர் கட்டு மேஜைமேல் இருந்தது. காலையில் குமாஸ்தாவிடம் போய்க் கை நீட்டி வாங்கி வந்தவள் பூதக்கண்ணாடி. அவர் எழுந்து நாற்காலியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை அவள் வாங்கவில்லை, அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடுவாளா என்ன.

ஒரு மணி நேரம் பார்த்தாள். பச்சைப் பேனாவை மேஜையின் அடுத்த ஓரத்தில் தள்ளி வைத்திருந்தாள். திருகை ஒவ்வொரு இடத்திலும் மேலும் கீழும் திருப்பினாள். பிறகு டாக்டர் புள்ளி எதுவும் இல்லாத ஸ்லைடை முழுக்கப் பார்த்தாள். சுத்தம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினார்கள்.

நாத்தனார் தானும் பார்க்க வேண்டும் என்றாள். கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணி அன்றைக்குச் சொன்ன அந்த அம்மா சமாச்சாரம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

பூதக்கண்ணாடிக்கு முகம் சுட்டது. “இதுல தெரியாதும்மா. அவ்வளவு சின்னது. நீலப்பச்சையாத் தெரியுதே, அதுக்குள்ள நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாம் உங்க அம்மா குடுத்ததுதான். அன்னிக்கு நான் அத அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

நாத்தனார் கண்ணை எடுக்கவில்லை. வெளியே மைக்ரோஸ்கோப்புக்காகக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆய்வகத்துக்குள் சாப்பிடக்கூடாது என்பதால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வார்டில் அந்த மனிதரோடு அவருடைய அக்கா இருக்கிறார், ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருக்கிறாராம் என்று பூதக்கண்ணாடி விசாரித்து வந்ததைச் சொன்னாள். நாத்தனார் தலையை ஆட்டினாள். பூதக்கண்ணாடி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் எடுத்து வைத்து நீட்டினாள். நாத்தனார் அந்தக் கையை உற்றுப் பார்த்தாள்.

“கை கழுவினீங்களா?”

“இல்ல” என்றாள் பூதக்கண்ணாடி. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தாள்.

நாத்தனார் மூடியை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள்.